சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் பல

சிங்கப்பூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு நியூயார்க் போகிறேன். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 15,349, இன்னோரிடத்தில் 9,537, மற்றோரிடத்தில் 8,288 என்று வருகிறது. பறக்கும் நேரம் 17 மணி என்றும் 19 மணி என்றும் சொல்கிறார்கள். டிக்கெட்டிலோ இரவு 11:35க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5:30க்கு இறங்குவதாக இருக்கிறது. எது உண்மை? அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது; நடுவில் நிற்காத விமானம் சரிவருமா? சென்னையில் இருக்கும் அக்கா சிங்கப்பூர் வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளலாமா?"

முதலில் சுருக்கமான விடை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி (ஜேஎஃப்கே) விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய தூரம் சுமார் 15,349 கிலோமீட்டர். இடைநில்லா விமானத்தில் கதவு மூடியதிலிருந்து திறக்கும் வரை பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிக்கெட்டில் இருப்பது 18 மணி 55 நிமிடம். அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே தூரம்தான். 15,349 என்பது கிலோமீட்டர். 9,537 என்பது அமெரிக்கர்கள் தரையில் பயன்படுத்தும் மைல். 8,288 என்பது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இணையத்தில் உள்ள இன்னும் சில தூரக் கணிப்பான்கள் பத்து கிலோமீட்டர் கூட்டியோ குறைத்தோ காட்டும். பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொண்டால் ஒரு விடை, துருவங்களில் சற்றுத் தட்டையான அதன் உண்மையான வடிவத்தை எடுத்துக்கொண்டால் வேறு விடை. பயணிக்கு அதில் ஒன்றும் இல்லை.

நேரம் விஷயத்தில்தான் இந்தக் கணிப்பான்கள் ஆளை ஏமாற்றுகின்றன. பெரும்பாலானவை செய்வது ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே. மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்தால் 19 மணிக்கு மேல் வரும். 850 வைத்தால் 18. 900 வைத்தால் 17. வேகத்தை யார் எப்படி வைத்தார்கள் என்பதைத் தவிர அந்த எண்களில் வேறு தகவல் கிடையாது. காற்று, வழி, மூடிய வான்வெளி, ஓடுபாதை வரிசை எதுவும் அந்தக் கணக்குக்குள் வராது. ஆனால் விமானம் எப்போது போய்ச் சேரும் என்பதை முடிவு செய்வது இவைதான்.

15,349 என்ற அந்தக் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறு முனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. நேரே வடக்கே ஏறும். சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்கில் இருக்கிறது, நியூயார்க் ஏறத்தாழ 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. அதாவது பூமிப் பந்தின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பக்கங்கள். ஆகவே குறுக்கு வழி வட துருவத்தின் மேல்தான். தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் மேற்கு சிச்சுவான், மங்கோலியா, பைகால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, தைமிர் தீபகற்பம் என்று ஏறி, வட துருவத்திலிருந்து 280 கிலோமீட்டர் அளவில் விலகிக் கடந்து, மறுபக்கம் கனடாவின் பாஃபின் தீவு வழியாக இறங்கி, மான்ட்ரியல் நகரை ஏறக்குறைய உரசிக்கொண்டு நியூயார்க்கை அடைகிறது. சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அந்த வரைபடத்தில் துருவம் ஒரு புள்ளியாக இல்லாமல், மேல் விளிம்பு முழுக்க இழுத்து விரிக்கப்பட்டிருக்கிறது. அதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இந்தக் கோட்டின் மேல் அப்படியே பறக்கும் நாள் அரிது. மேற்கு சிச்சுவானில் 7,500 மீட்டர் உயரமுள்ள கொங்கா சிகரத்துக்குப் பக்கத்தில் கோடு போகிறது. கேபினில் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானம் உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். கீழே அதைவிட உயரமான மலைகள் நின்றால் எங்கே இறங்குவது? திபெத் பீடபூமியைப் பெரும்பாலான விமானங்கள் சுற்றிப் போவதற்கு இதுவே முதற்காரணம். துருவப் பகுதிக்கு வேறு தொல்லைகள். எரிபொருள் உறையும் அளவுக்குக் குளிரக் கூடாது (ஜெட் ஏ-1 வகைக்கு அந்த எல்லை மைனஸ் 47 டிகிரி), அவசரத்துக்கு இறங்க நல்ல விமான நிலையம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், சூரியப் புயல் அடிக்கும் நாட்களில் வானொலித் தொடர்பு கெடும். இவையெல்லாம் தீர்க்கக்கூடியவைதான். துருவ வழியைப் பல நாட்களில் பின்னுக்குத் தள்ளுவது காற்று.

நடு அட்சரேகைகளில், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். இதற்குள் நுழைந்து அதே திசையில் பறக்கும் விமானத்துக்கு, எஞ்சின் கொடுக்கும் வேகத்தோடு காற்றின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் தரை வேகம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டி 1,100ஐ நெருங்குவதைக் காணலாம். விமானம் வேகமாகப் பறக்கத் தொடங்கிவிட்டது என்று பொருளில்லை. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை அது அதே 900 கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். துருவக் கோட்டில் 15,349 கிலோமீட்டர்; அங்கே 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்தால் தரை வேகம் 880, நேரம் 17 மணி 26 நிமிடம். தாய்வான், ஜப்பான், பசிபிக், அலாஸ்காவின் தெற்கு, கனடா என்று சுற்றினால் 16,500 கிலோமீட்டர் என்று வைப்போம். சராசரியாக 60 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 960, நேரம் 17 மணி 11 நிமிடம். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றியும் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டோம். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, டிஸ்பேட்சர் எனப்படும் பறப்புத் திட்ட அலுவலர் உட்கார்ந்து செய்வது இந்தக் கணக்கைத்தான். அவரிடம் கணினி இருக்கிறது, உயர அடுக்கு வாரியாகக் காற்றின் முன்கணிப்பு இருக்கிறது. நாளுக்கு நாள் வழி மாறுவது இதனால்தான். நேற்று ஜப்பானுக்கு மேலே போன விமானம் இன்று இருநூறு கிலோமீட்டர் தெற்கே போகும்.

திரும்பி வரும்போது இன்னொரு வேடிக்கை. வந்த வழியே பசிபிக் மேல் திரும்பினால் அதே ஜெட் ஸ்ட்ரீம் முகத்தில் அடிக்கும். ஆகவே பல நாட்களில் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து, ஐரோப்பா, மத்திய ஆசியா வழியாக வங்காள விரிகுடாவுக்கு வந்து சிங்கப்பூர் இறங்குகிறார்கள். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. அப்படி அமைந்த பயணத்தில் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தவர் பூமியை ஒரு முறை சுற்றி வந்தவராகிறார். யாரும் அதற்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் தெரிந்த உதாரணம் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அந்த விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றிப் பறக்கவிட்டது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புதிய வழி சுமார் 15,300. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது. பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது, முன்பைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு.

காற்று தருவதை அரசியல் பிடுங்கிக்கொள்ளவும் செய்யும். ஹெல்சிங்கி – டோக்கியோ வழியில் ஃபின்ஏர் விமானம் ரஷ்யாவின் மேல் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் ஆசியத் தொழிலே அந்தக் குறுக்குவழியை நம்பி வளர்ந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், மார்ச் மாதத்திலிருந்து வட துருவம் வழியாகச் சுற்றி 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு நகரங்களுக்கும் இடையிலான தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. பழைய கட்டுரைகளில் படித்த பறப்பு நேரத்தை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இவ்வளவு தூரத்தை நிற்காமல் கடப்பது இயந்திரத்துக்கு எளிதல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க் பகுதியின் நியூவர்க் விமான நிலையத்துக்கு நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை விட்டது. பின்னாளில் அதை 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் கொண்டதாக மாற்றியும் எரிபொருள் செலவைத் தாங்க முடியாமல் 2013 நவம்பரில் நிறுத்தியது. 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூரம் பறப்பதற்கான வகை) வந்த பிறகே சேவை மீண்டது. அந்த முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. கென்னடி விமான நிலையத்துக்கான இடைநில்லா சேவை 2020 நவம்பரில் தொடங்கியது.

யுஎல்ஆர் வகையில் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். ஏறக்குறைய 130 டன். விமானம் கிளம்பும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே 280 டன். தொட்டி நிறைந்திருந்தால் எடையில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருள். பதினைந்தாவது மணி நேரத்தில் எரியப்போகும் எண்ணெயை முதல் பதினான்கு மணி நேரமும் சுமந்து பறக்க வேண்டும். சுமப்பதற்கே தனியாக எண்ணெய் எரியும். அதனால் மற்றதைக் குறைக்கிறார்கள். அதே நிறுவனத்தின் நெடுந்தூர ஏ350இல் 253 இருக்கைகள். யுஎல்ஆரில் 161 மட்டுமே. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. 'ஏன் இவ்வளவு விலை' என்று நீங்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

இப்போது உங்கள் டிக்கெட்டுக்கு வருவோம். அதில் அச்சாகும் நேரங்கள் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11:35இலிருந்து காலை 5:30 வரை கடிகாரத்தில் 5 மணி 55 நிமிடம். அதோடு 13 மணி நேரத்தைக் கூட்டுங்கள், 18 மணி 55 நிமிடம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். அந்த மாதங்களில் 12ஐக் கூட்டினால் போதும். சிங்கப்பூரில் இந்தப் பழக்கம் இல்லை. திரும்பும்போது கூட்டலுக்குப் பதில் கழித்தல். நியூயார்க்கில் திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால் சிங்கப்பூரில் புதன் விடிகாலைதான் இறங்குவீர்கள். அலுவலகத்துக்கு விடுப்பு எழுதும்போது செவ்வாய்க்கிழமையை மறந்துவிடாதீர்கள். அந்த நாளை நீங்கள் பார்க்கப்போவதே இல்லை.

போகும் வழியில் பசிபிக் மேல் சென்றால் ஜன்னலோர இருக்கையிலிருந்து ஒரு காட்சி கிடைக்கும். வெள்ளி இரவு கிளம்பினால் ஜப்பானைத் தாண்டும் நேரத்தில் சனிக்கிழமை விடியும். பிறகு தேதிக் கோட்டைக் கடந்ததும் மறுபடி வெள்ளிக்கிழமை. ஜனவரியில் அலாஸ்காவுக்குத் தெற்கே போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நான்கைந்து மணி நேரப் பகல், அவ்வளவுதான். அடுத்து கனடா முழுக்க நீண்ட இருட்டு. நியூயார்க்கில் இறங்கும்போது இரண்டாவது முறையாகச் சனிக்கிழமை விடியக் காத்திருக்கும்.

டிக்கெட்டில் உள்ள 18 மணி 55 நிமிடமும் வானத்தில் கழிவதில்லை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்த நொடி முதல், இறங்கி நிறுத்துமிடத்தில் நின்ற நொடி வரை உள்ள நேரம் அது. துறையில் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு நிறுத்துமிடம் கிடைக்கக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். கென்னடியில் நெரிசல் நேரத்தில் இதற்கே அரை மணி நேரம் போகும். நிறுவனங்கள் தாமதப் பெயர் வாங்காமலிருக்கக் கொஞ்சம் கூட்டியும் போடுவார்கள். எனவே நல்ல பின்காற்று உள்ள நாளில் விமானம் முக்கால் மணி நேரம் முன்னதாக இறங்கினால் வியக்க வேண்டாம். அழைத்துப் போக வருபவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். அவர் அட்டவணையைப் பார்க்காமல் அன்றைய விமானத்தின் நேரலை நிலையைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் சேர்த்து இறங்கிய பின் ஒன்றரை மணி நேரம் கொடுக்க வேண்டும்.

நடுவில் நிற்கும் விமானங்களும் இருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸே ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் வழியாகவும் ஒரு சேவை நடத்துகிறது. ஒரே விமான எண்தான், ஆனால் அங்கே எல்லோரும் இறங்கி ஏற வேண்டும். தூரம் கூட்டினால் சுமார் 16,450 கிலோமீட்டர், மொத்த நேரம் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அதில் எகானமி வகுப்பு உண்டு, விலையும் இறங்கும். துபாய் வழி என்றால் சுமார் 16,850 கிலோமீட்டர்; மாறும் இடத்தில் காத்திருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து நேரம் 23 மணியும் ஆகலாம், 30 மணியும் ஆகலாம்.

அம்மாவைப் பொறுத்தவரை என் கருத்து: முழங்கால் வலி, நடை சிரமம் என்றால் இடைநில்லா விமானமே மேல். நள்ளிரவில் அந்நிய ஊர் விமான நிலையத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடப்பதும், மறுபடி பாதுகாப்புச் சோதனையில் காலணியைக் கழற்றி மாட்டுவதும்தான் முதியவர்களைக் களைக்க வைக்கின்றன. ஆனால் கால் வீக்கமோ, இரத்தம் உறையும் தொந்தரவோ முன்பு இருந்திருந்தால் நிலைமை வேறு. பத்தொன்பது மணி நேரம் ஒரே இருக்கை என்பது சிறிய விஷயமில்லை. மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். எப்படியானாலும் நடைபாதையோர இருக்கை வாங்குங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால், எத்தனை மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'காலை மாத்திரை, இரவு மாத்திரை' என்ற கணக்கு, ஒரே தேதி இரண்டு முறை வரும் பயணத்தில் உதவாது. இன்சுலின் போடுபவர் என்றால் இதில் அலட்சியமே கூடாது.

அக்கா விஷயம். சென்னையிலிருந்து நியூயார்க் குறுக்குத் தூரம் சுமார் 13,480 கிலோமீட்டர். சிங்கப்பூர் வந்து போனால் முதலில் 2,900 கிலோமீட்டர் எதிர்ப் பக்கமாக வந்து, பிறகு 15,349. மொத்தம் 18,200க்கு மேல். நான்கு மணி நேரப் பறப்பு கூடும், காத்திருப்பு தனி, செலவு அதைவிடத் தனி. துபாய், தோஹா அல்லது ஐரோப்பா வழியாக ஒரே ஒரு மாற்றத்தோடு அவர் தனியே வருவதுதான் நேரத்திலும் பணத்திலும் மிச்சம். அம்மாவுக்கு இரவில் மாற்றி மாற்றித் துணை இருக்க இரண்டு பேர் வேண்டும் என்றால் மட்டும் அவரைச் சிங்கப்பூருக்கு வரச் சொல்லுங்கள்.

தனியே வருகிறார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். நியூயார்க் நகரத்துக்கு மூன்று பெரிய விமான நிலையங்கள். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் கென்னடிக்கும் நியூவர்க்குக்கும் வருகின்றன. சிங்கப்பூரிலிருந்தும் இரண்டுக்கும் இடைநில்லா விமானம் உண்டு. 15,000 கிலோமீட்டர் பயணத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். தரையில் அப்படியில்லை. நியூவர்க் இருப்பது நியூஜெர்சி மாநிலத்தில், கென்னடி இருப்பது நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியின் தென்கோடியில், நடுவில் மன்ஹாட்டன். காலை நெரிசலில் காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். உங்கள் டிக்கெட்டில் ஜேஎஃப்கே என்று இருந்தால் அக்காவின் டிக்கெட்டிலும் அதுவே இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள்.